ஜெரி பெயரில் ஒரு முகம்

எங்கள் சந்தில் சாவியோவைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் அவன் வேலைக்குப் போகிற திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் போய் சாவியோ என்று கேட்டுப் பாருங்கள், அப்படி யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். அங்கே அவன் பெயர் ஜெரி. அதைவிடக் கொடுமை, அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதாகவும் அங்கே பதிவாகியிருக்கிறது. எங்கள் சாவியோவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

என் பெயர் ரமாபாய். ராயபுரத்தில் சாவியோவின் அக்கா ஜெஸ்லினுக்கு நான் எதிர் வீடு. நான் சொல்லப் போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சாவியோவே சொன்னது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. பொய்யிலேயே வாழ்கிறவனைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். என்ன செய்ய, அதுதான் உண்மை.

ஜெரி என்பது ஜெஸ்லின் புருஷன். அந்த யார்டில் கண்டெய்னரிலிருந்து சரக்கு இறக்குகிற வேலையில் முதலில் சேர்ந்தது அவர்தான். ஒரு நாள் மூட்டை சரிந்து முதுகில் விழுந்தது. அதோடு கனமான எதையும் தூக்க முடியாமல் போயிற்று. அதே நேரம் பார்த்து, சாவியோ கடலுக்குப் போய்க்கொண்டிருந்த படகை அதன் முதலாளி விற்றுத் தொலைத்தார். வீட்டில் ஆம்பிளைகள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் யார்டு மேஸ்திரி மாசானம் வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஜெரியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், போகும்போது சாவியோவைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பேரு யாருதா இருந்தா என்னலே? எனக்கு மூட்டை இறங்கணும், உங்களுக்கு அடுப்பு எரியணும். உங்க மாமன் பாஸை எடுத்துக்கிட்டு நீ வா."

எங்கள் பக்கம் இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. அண்ணனுக்குப் பதில் தம்பி போவான், மாமனுக்குப் பதில் மச்சான் போவான். பாஸ் என்பது மழையில் நனைந்து வியர்வையில் ஊறி, உள்ளே இருக்கிற படம் ஆணா பெண்ணா என்று தெரியாத ஓர் அட்டை. கேட்டில் இருப்பவர் சட்டை நிறத்தைப் பார்த்து உள்ளே விடுவார். ஜெரி உடம்பு தேறி எழுந்ததும் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் சாவியோ போனான். ஜெரி எழுந்து நடந்தார், டீக்கடை வரை போனார். அவ்வளவுதான், அதற்கு மேல் எழவில்லை. வருஷங்கள் ஓடிப்போயின. யார்டில் எல்லோருக்கும் சாவியோதான் ஜெரி. விஷயம் மாசானம் ஒருவருக்குத்தான் தெரியும்.

பிறகு மெஷின் வந்தது. அட்டை வேண்டாம், கையெழுத்து வேண்டாம், முகத்தைக் காட்டினால் கேட் திறக்கும் என்றார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "ஜெரி" என்றதும் சாவியோ போய் நின்றான். நிற்காமல் என்ன செய்வான்? அங்கே நின்றுகொண்டு "நான் ஜெரி இல்லை" என்றால் மொத்தக் குடும்பத்துச் சோறும் அன்றே போச்சு. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்று அது கேட்டபடியெல்லாம் செய்தான். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவன் முகம், கீழே ஜெரி என்ற பெயர், அதற்கும் கீழே மனைவி ஜெஸ்லின் என்று வந்தது.

அன்று சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை என்றால் ஒரு நாள் தூக்கிப் போட்டுவிடலாம். மூஞ்சியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

நான் நினைத்தது நடந்தது. தண்டையார்ப்பேட்டையில் அவனுக்குப் பெண் பேசினார்கள். நல்ல பெண், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சாவியோ அவளை ஒரு தடவைதான் பார்த்தான், அதற்கே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். பெண்ணின் தாய்மாமன் விவரமான ஆள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நேராக யார்டு கேட்டுக்கே போய்விட்டார். சாவியோ என்று யாரும் இல்லை என்றார்கள். ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினார். "ஓ, இவரா? ஜெரி. சம்சாரம் பேரு ஜெஸ்லின். ரெண்டு பசங்க."

அந்த மாமன் நேராக எங்கள் சந்துக்கு வந்து நின்றார். "பொண்டாட்டி புள்ளைய வெச்சிகினு எங்க வூட்டுப் பொண்ண கேக்குறியா? இன்னா நெஞ்சழுத்தம்டா உனுக்கு!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அது என் அக்கா என்று இவன் சொல்கிறான். அக்காவையா பொண்டாட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். ஜெஸ்லின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் சாவியோ எழுந்து போய்விடுவான்.

அதன்பின் அவன் வெளியே வரப் பார்த்தான். எண்ணூர்ப் பக்கம் வேறொரு யார்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன் சொந்த ஆதாரோடு, சொந்தப் பெயரோடு போனான். அங்கேயும் ஒரு மெஷின் மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்றதும், ஒன்றும் கேட்காமலே ஜெரி என்று காட்டியது. இந்தப் பக்கத்து யார்டுகளுக்கெல்லாம் மெஷின் மாட்டினது ஒரே கம்பெனி, ஒரு கேட்டில் கொடுத்த முகம் எல்லாக் கேட்டுக்கும் போய்விடும் என்பது இவனுக்குத் தெரியாது. யாரையோ தேடி வந்ததாகச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

மாசானத்திடம் போய் அழாத குறையாகக் கேட்டான். "அண்ணே, என் மூஞ்சிய அதுலேர்ந்து எடுத்துடுண்ணே."

"வேலைய விட்டாலும் மூஞ்சி உள்ளேதாம்ல கெடக்கும். செத்துட்டாம்னு சர்டிபிகேட் குடுத்தாத்தான் அழிப்பானுவ. உங்க மாமன் இருக்க வரைக்கும் நீ ஜெரிதான், போய் வேலையப் பாரு."

மாசானம் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு சாவியோவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஜெரியின் மேல் அவனுக்கு உயிர். மாமா மாமா என்று அவர் காலடியில் கிடப்பான், குளிப்பாட்டி விடுவான். அதே மனுஷன் போனால்தான் தனக்கு விடுதலை என்று தெரிந்த பிறகு, அவருக்கு இருமல் வந்தால்கூட இவனுக்குக் குற்ற உணர்ச்சியில் முகம் வெளுத்துப்போகும்.

போன மழைக்காலத்தில் ஜெரிக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

சாவியோ அழுத அழுகையை நான் பார்த்தேன். வேஷம் இல்லை. அழுதுகொண்டிருக்கும்போதே, இனி நம்ம பேரு நமக்கு வந்துடும் என்றும் அவனுக்குத் தோன்றிவிட்டது. அதை என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். போடா பைத்தியக்காரா, ஆண்டவருக்குத் தெரியாததா என்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பெட்டியைத் தூக்குகிற நேரம். சாவியோ தலைமாட்டில் தோள் கொடுத்து நிற்கிறான். சந்து முனையில் ஒரு ஆள் பெரிய ரோஜா மாலையோடு, முகமெல்லாம் கண்ணீராக ஓடி வந்தான். யார்டில் சாவியோவுக்கு உயிர் சிநேகிதன், வியாசர்பாடி செல்வம். வந்தவன் சாவியோவைப் பார்த்தான். மாலையை அப்படியே கீழே போட்டான்.

"ஐயோ... டேய்... ஜெரி... நீ செத்துட்டல்ல?"

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் யாரோ, ராயபுரம் ஜெரி போயிட்டான் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். செல்வத்துக்குத் தெரிந்த ஜெரி ஒருவன்தானே? யார்டில் எல்லோரிடமும் சொல்லி அழுது, பணம் பிரித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் செத்தவனுக்குப் போஸ்டர் இல்லையென்றால் அவன் அநாதை என்று அர்த்தம். சிநேகிதர்கள் உயிரோடு இருக்கும்போது அந்தக் குறை வைப்பார்களா? படத்துக்கு எங்கே போவது என்று யோசித்து, தினமும் மாசானம் வருகைக் கணக்கு போடுகிற வாட்ஸப் குரூப்பிலிருந்து ஜெரி என்ற பெயருக்கு மேலே இருந்த முகத்தை எடுத்துக்கொண்டார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை சாவியோவின் முகம், கழுத்தில் மாலையோடு, சுற்றிலும் புறா பறக்க, மறைந்த தேதியோடு ஒட்டியிருந்தது. 'எங்கள் யார்டின் சிங்கமே, எங்கே போனாய்' என்று எழுதியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து காசிமேட்டுக் கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் சாவியோ அந்தப் போஸ்டர் முன்னால் நின்றான். செல்வம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடு மாமு, நல்லதுன்னு நெனச்சி பண்ணோம்" என்று விக்கினான். சாவியோ அவனிடம் எல்லாவற்றையும் சொன்னான். செல்வம் யாரிடமும் மூச்சு விடவில்லை. யார்டில் கேட்டவர்களிடம் செத்தது அவன் சொந்தக்காரன், பேரும் அதேதான், நான்தான் குழம்பிட்டேன் என்று சமாளித்தான். போஸ்டர்களையும் ஓடி ஓடிக் கிழித்தான். எல்லாவற்றையும் கிழித்துவிட்டதாகத்தான் நினைத்தான்.

அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். கார்ப்பரேஷனில் இறப்புச் சான்றிதழ் வந்ததும் ஜெஸ்லின் அதை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போவது. ஜெரி இறந்துவிட்டார் என்று கொடுத்தால் மெஷினிலிருந்து அந்த முகத்தை எடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து சாவியோ வேறு யார்டில் சாவியோவாகப் போய் நிற்பது. கேட்க எவ்வளவு லேசாக இருந்தது! அவளுக்கு அவள் புருஷன் செத்த துக்கம் கிடைக்கும், அவனுக்கு அவன் பெயர் கிடைக்கும்.

சான்றிதழ் வரும்வரை அவன் வீட்டிலேயே கிடந்திருக்க வேண்டும். அங்கேதான் தவறு நடந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே மாசானம் ஃபோன் போட்டார். கப்பல் வந்து நிற்கிறது, ஆள் பத்தவில்லை, வா என்றார். வா என்றால் போய்த்தான் இவனுக்குப் பழக்கம். போனான், முகத்தைக் காட்டினான், கேட் திறந்தது. அடுத்த நாளும் போனான். செத்துப்போன ஜெரி தினமும் தவறாமல் வேலைக்கு வந்ததாக மெஷின் எழுதிக்கொண்டது. எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே யார்டிலிருந்து ஜெஸ்லினுக்கு ஃபோன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். விஷயம் அவர்களுக்கே தெரிந்துவிட்டது போல, நல்லதாய்ப் போச்சு என்றாள். தனியாகப் போக வேண்டாமென்று நானும் கூடப் போனேன். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, வெறும் கழுத்து. சான்றிதழைப் பையில் வைத்து, பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொண்டாள். "புருசன் போய்ட்டான்னு வாய் தொறந்து சொல்றதுக்கு இன்னிக்குதான்க்கா போறேன்" என்றாள்.

ஆபீஸ் அறையில் பாலகணேஷ் என்கிற அதிகாரி இருந்தார். தலைமை ஆபீஸிலிருந்து புதிதாக வந்தவர், சின்ன வயசு, மரியாதையான பையன். மேஜைக்குப் பக்கத்தில் சாவியோ தலை குனிந்து நின்றான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பின்னால் மாசானம் பேயறைந்த முகத்தோடு நின்றார். ஜெஸ்லின் உள்ளே நுழையும்போதே பைக்குள் கையை விட்டாள்.

"உட்காருங்கம்மா. ஒரு சின்ன குழப்பம். இதைப் பாருங்க" என்று பாலகணேஷ் தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். எண்ணூர் நெடுஞ்சாலையில், யார்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு உயரமான சுவரில் செல்வத்தின் கைக்கு எட்டாமல் தப்பிய போஸ்டர். காரில் போகும்போது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பார்த்த முகமாக இருக்கிறதே என்று யார்டு மெஷினின் ஆப்பைத் திறந்து, ஃபோனைப் போஸ்டருக்கு நேராகப் பிடித்திருக்கிறார். ஜெரி, இன்று காலை உள்ளே வந்தார் என்று அது சொல்லியிருக்கிறது.

"போஸ்டர்ல இருக்கிற தேதிப்படி இவர் உயிரோட இல்லை. மெஷின் கணக்குப்படி அதுக்கப்புறமும் தினமும் வேலைக்கு வந்திருக்கார். செத்தவர் படத்தைக் காட்டி யாரோ ஏமாத்துறாங்கன்னு முதல்ல நினைச்சேன். கூப்பிட்டா, ஆளே வந்து நிக்கிறார். போஸ்டர் தப்பு, நான்தான் ஜெரிங்கிறார். அப்படின்னா பிரச்சினை இல்லை. ஆனா உண்மையிலேயே ஜெரி இறந்துபோய், அவர் பேர்ல வேற யாராவது உள்ள வந்திருந்தா, இது துறைமுகச் சரக்கு இருக்கிற இடம்மா. நான் போலீஸ்ல கொடுத்தே ஆகணும். இவரு மட்டும் இல்ல, மேஸ்திரியும் உள்ள போவார். அந்த முகம் எந்தக் கேட்லயும் இனிமே நுழைய முடியாது. அதான் உங்களைக் கூப்பிட்டேன். சொல்லுங்க, இவர்தானே உங்க வீட்டுக்காரர்?"

பைக்குள் போன கை உள்ளேயே நின்றுவிட்டது. அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தால் தம்பி ஜெயிலுக்குப் போவான். எடுக்காவிட்டால் புருஷன் சாகவில்லை. இதற்கு நடுவில் வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கதவோரம் நின்ற நான் மூளையைக் கசக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாவியோ நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். "சொல்லிடுக்கா" என்று அவன் வாய் திறந்திருந்தால்கூட எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அக்கா என்ற அந்த ஒரு வார்த்தையே அவனையும் மாசானத்தையும் மாட்டிவிட்டுவிடும். மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெஸ்லின் கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"ஆமாங்க. இவருதான்."

"கழுத்துல ஒண்ணும் காணோமேம்மா?"

"அடகுல கீதுங்க."

பாவம், அந்தப் பையன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு கேட்டான். உயிரோடு இருக்கிறவருக்குப் போஸ்டர் அடித்தவர்களைச் சும்மா விடாதீர்கள் என்று சாவியோவிடம் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். நல்லது செய்கிறேன் என்று, "இனிமே இப்படிக் குழப்பம் வராம இருக்க, உங்க முகத்தையும் இவர் பக்கத்துல பதிஞ்சிடுறேன். நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா நீங்க அலைய வேண்டாம்" என்று மேஜை மேல் இருந்த மெஷினைத் திருப்பி அவள் முன்னால் வைத்தான்.

அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. ஜெஸ்லினின் கண்ணிலிருந்து கண்ணீர் தாரையாகக் கொட்டியது. புருஷனை அடக்கம் பண்ணிய அன்றுகூடப் பிள்ளைகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி சிவப்பாகவே நின்றது. மெஷின் அவள் முகத்தை எடுக்கவில்லை.

"அழாம கொஞ்சம் நில்லுங்கம்மா. அதான் எல்லாம் சரியாயிடுச்சே. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்கார்?"

அந்த மெஷினைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஜெஸ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், சிமிட்டச் சொன்னபோது சிமிட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. சாவியோ முகமும் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் கல்யாணப் படம் போல வந்து நின்றன. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. என்னைத் தவிர அந்த அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, மெஷினும் கவனிக்கவில்லை.

வேலை நேரம் இன்னும் முடியவில்லை, நீங்கள் போகலாம் என்று பாலகணேஷ் சாவியோவிடம் சொன்னார். நாங்களும் கிளம்பினோம். கதவு வரை வந்த ஜெஸ்லின், அந்த அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து திரும்பி நின்றாள். பால் குடி மறந்த நாளிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைப் பார்த்து, "சீக்கிரம் வந்துடுங்க, பசங்க தேடும்" என்றாள்.

பாலகணேஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஜெஸ்லின்" என்றான்.